சுகர் இறங்கிவிட்டது, மாத்திரை எதற்கு?

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழக அரசு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கியது. சர்க்கரை நோய்க்கும் ரத்தக்கொதிப்புக்குமான மாத்திரைகள் அன்று முதல் வீடு தேடி வருகின்றன. பஸ் ஏற வேண்டாம், ஒரு நாள் கூலியை இழக்க வேண்டாம், வரிசையில் நிற்க வேண்டாம், காசும் தர வேண்டாம். மருந்துக்கும் நோயாளிக்கும் நடுவே பல காலமாகக் கிடந்த தடைகள் இவை. ஓர் அரசு இவற்றை அகற்ற முனைந்தது பெரிய காரியம்.

ஆனால் வாசலுக்கு வந்த மாத்திரை எல்லாமே வயிற்றுக்குள் போய்விடுவதில்லை. எத்தனையோ வீடுகளில் பிரிட்ஜின் மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கும். அதில் பாதி கிழித்த அட்டைகள், பிரிக்காத அட்டைகள், காலாவதியான அட்டைகள். கேட்டால் யாரும் “மறந்துட்டேன்” என்று மட்டும் சொல்வதில்லை. “இப்ப சுகர் நார்மலா இருக்கு.” “ரொம்ப நாள் சாப்பிட்டா கிட்னி போயிடும்.” “பாகற்காய் ஜூஸ் குடிக்கிறேன், அதனால ராத்திரி மாத்திரையை விட்டுட்டேன்.” இவை சோம்பேறிகளின் சாக்குகள் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு முடிவு. அதன் பின்னால் ஒரு காரணமும் இருக்கிறது. இரண்டாம் வகை நீரிழிவைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் கணையத்தையும் இன்சுலினையும் படித்தால் மட்டும் போதாது, இந்தக் காரணங்களையும் படித்தாக வேண்டும்.

அளவைப் பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காகச் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியானது. அதன் கணக்கில் இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். அதே ஆய்வுக் குழு, தங்களுக்கு நோய் இருப்பதை ஏற்கெனவே அறிந்தவர்களைத் தனியே ஆராய்ந்தபோது, 36.3 சதவீதம் பேருக்கு மட்டுமே சர்க்கரை நல்ல கட்டுப்பாட்டில் இருந்தது. மீதிப் பேர் எல்லாரும் மருந்தை விட்டவர்கள் என்று இதற்குப் பொருளில்லை. உணவு, உடலுழைப்பு, தாமதமான சிகிச்சை, போதாத அளவு என்று காரணங்கள் பல. ஆயினும் மருந்தைத் தவறவிடுவது அவற்றில் ஒரு பெரும் பங்கு. வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால நோய்களுக்குச் சொன்னபடி மருந்து உட்கொள்பவர்கள் சராசரியாகப் பாதிப் பேர்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் அறிக்கை வெளியிட்டது.

மீதிப் பாதிப் பேரை மருத்துவ உலகம் வெகுகாலம் ‘சொன்னதைக் கேட்காதவர்கள்’ என்ற ஒரே பையில் போட்டு வைத்திருந்தது. மறதி, படிப்பின்மை, அலட்சியம் என்று விளக்கங்களும் தயாராக இருந்தன. பிரிட்டனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ராபர்ட் ஹார்னும் ஜான் வைன்மனும் 1990களில் இதை வேறு பக்கத்திலிருந்து அணுகினார்கள். மருந்தைப் பற்றி நோயாளி என்ன நினைக்கிறார் என்று அவரிடமே கேட்டார்கள். கேள்விகள் மிக எளிமையானவை. இந்த மருந்து இல்லாவிட்டால் என் உடல்நிலை மோசமாகுமா? இதைச் சாப்பிடுவது எனக்குக் கவலை தருகிறதா? நாளடைவில் இது எனக்குள் என்ன செய்யுமோ என்று பயமாக இருக்கிறதா?

1999இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் ஆஸ்துமா, சிறுநீரகம், இதயம், புற்றுநோய் என நால்வகை நோயாளிகள் 324 பேர் இருந்தார்கள். பெரும்பாலோர் மருந்து தேவைதான் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோருக்கு அதே மருந்தைப் பற்றி ஆழ்ந்த பயமும் இருந்தது. ஒருவர் மருந்தை ஒழுங்காக எடுப்பாரா மாட்டாரா என்பதை அவருடைய வயதையும் படிப்பையும் நோயின் கடுமையையும் விட இந்த நம்பிக்கைகள் நன்றாகக் காட்டிக்கொடுத்தன. தராசின் ஒரு தட்டில் தேவை, மறு தட்டில் பயம். எது தாழ்கிறதோ அதன்படி கை மாத்திரையை நோக்கிப் போகிறது, அல்லது போகாமல் நிற்கிறது. 2013இல் இதே கேள்விகளைப் பயன்படுத்திய 94 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். 18 நாடுகள், ஏறக்குறைய 25,000 நோயாளிகள். நோய் மாறினாலும் நாடு மாறினாலும் முடிவின் திசை மாறவில்லை.

நீரிழிவில் இந்தக் கணக்கு ஏன் இத்தனை எளிதில் பிசகுகிறது? நோயின் இயல்பே அதற்கு இடம் கொடுக்கிறது.

ரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்குச் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சிறுநீரகம் அதை வெளியே தள்ளத் தொடங்கும். அப்போதுதான் அடிக்கடி சிறுநீர், அடங்காத தாகம், இரவில் நாலு தடவை எழுந்திருப்பது எல்லாம் வரும். மாத்திரை ஆரம்பித்த சில வாரங்களில் அளவு அந்த எல்லைக்குக் கீழே இறங்கியதும் தாகம் நிற்கிறது, தூக்கம் திரும்புகிறது. உடம்பு ‘சரியாகிவிட்டது’ என்கிறது. ஆனால் வெறும் வயிற்றில் 160 இருந்தாலும் கண்ணின் விழித்திரையிலும் சிறுநீரகத்தின் நுண்குழாய்களிலும் சேதம் நடந்துகொண்டுதான் இருக்கும். அதற்கு வலி கிடையாது, வீக்கம் கிடையாது, காய்ச்சல் கிடையாது. பல வருடங்கள் கழித்துத்தான் அது முகம் காட்டும்.

சின்ன வயது முதல் நாம் நோயைப் பற்றிக் கற்றுக்கொண்டது எதிலிருந்து? காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு. வரும், உடம்பு முடியாமல் போகும், மருந்து சாப்பிட்டால் போய்விடும், போனதும் மருந்தை நிறுத்திவிடலாம். வாழ்நாள் முழுக்க உண்மையாக இருந்த பாடம் அது. நீரிழிவு என்று ஒருவருக்குச் சொன்னதும் அவர் அந்தப் பாடத்தைத்தான் கையில் எடுக்கிறார். அமெரிக்க உளவியலாளர் ஹோவர்ட் லெவன்தால் இதைத்தான் நோய் பற்றிய பொது அறிவுச் சித்திரம் என்று விளக்கினார். என்ன நோய், எதனால் வந்தது, எவ்வளவு நாள் இருக்கும், என்ன செய்யும், எதற்கு அடங்கும் என்ற ஐந்து கேள்விகளுக்கு ஒவ்வொருவரும் தமக்குள் ஒரு விடை வைத்திருக்கிறார்கள். மருத்துவரின் சொல் அந்த விடையோடு பொருந்தாவிட்டால் பெரும்பாலும் தோற்பது மருத்துவரின் சொல்தான். அவரும் சகாக்களும் 1985இல் ரத்தக்கொதிப்பு நோயாளிகளிடம் ஆய்வு நடத்தினார்கள். ரத்தக்கொதிப்பு ஏறுவதை மனிதரால் உணர முடியாது என்பதைப் பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் தமக்கு மட்டும் அது ஏறினால் தெரிந்துவிடும் என்றும் அவர்களில் பெரும்பாலோர் நம்பினார்கள். நம் ஊரில் “எனக்கு சுகர் ஏறினா கால் எரியும், தலை சுத்தும், அப்ப போட்டுக்குவேன்” என்று சொல்பவரும் இதே நம்பிக்கையில்தான் நிற்கிறார்.

நீரிழிவில் இதை நேரடியாக அளந்த ஆய்வு ஒன்று 2009இல் வெளியானது. நியூயார்க் நகரின் உட்பகுதியில் வசிக்கும் 151 நீரிழிவு நோயாளிகளிடம் நடந்தது. மருந்தைச் சரியாக எடுக்காதவர்களிடம் திரும்பத் திரும்ப வெளிப்பட்டவை சில எண்ணங்கள். சர்க்கரை ஏறியிருக்கும்போது மட்டுமே தனக்கு நோய் இருக்கிறது என்று நம்பியவர்கள் மருந்தைத் தவறவிடும் சாத்தியம், அப்படி நம்பாதவர்களைவிட ஏழு மடங்குக்கும் அதிகம். அளவு நார்மலாக இருந்தால் மாத்திரை தேவையில்லை என்றவர்களிடமும், பக்கவிளைவை எண்ணிக் கவலைப்பட்டவர்களிடமும் மூன்று மடங்குக்கும் அதிகம். ஆய்வு சிறியது என்பதால் இந்த மடங்குகளை அப்படியே நெட்டுருப் போட வேண்டாம். ஆனால் எண்ணங்களைக் கவனியுங்கள். நியூயார்க்கில் சொன்னதும் நம் தெருவில் சொல்வதும் ஒன்றுதான்.

“நார்மல்” என்ற அந்த வார்த்தை செய்யும் குழப்பம் கொஞ்சமல்ல. பரிசோதனைச் சீட்டில் 110 என்று வந்தால் அது மாத்திரையோடு சேர்ந்து வந்த 110. மாத்திரை இல்லாமல் என்ன வரும் என்பதைச் சீட்டு சொல்வதில்லை. போதாததற்கு, டெஸ்டுக்கு முந்தைய இரண்டு நாள் இனிப்பைத் தொடாமல், மாத்திரையை மறக்காமல், ராத்திரி இரண்டு சப்பாத்தியோடு எழுந்து போகிறவர்கள் நிறைய. மருத்துவரைப் பார்க்கும் நாள் நெருங்கும்போது மாத்திரை ஒழுங்காகி, பார்த்து முடித்ததும் மெல்லத் தளர்வதை வேறு நோய்களிலும் கண்டிருக்கிறார்கள். வெறும் வயிற்றுச் சோதனையை இப்படித் தாண்டிவிடலாம். எச்பிஏ1சி சோதனையைத் தாண்ட முடியாது. ரத்தச் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. அந்த நாட்களில் தன்னைச் சுற்றியிருந்த சர்க்கரை அதன்மேல் ஒட்டிக்கொண்டே வரும். ஆகவே அந்த எண் இரண்டு மூன்று மாத வாழ்க்கையின் கணக்கு. இதை நோயாளிக்கு ஐந்து நிமிடம் செலவழித்து விளக்கினால் ‘இன்றைக்கு நார்மல்’ என்பதன் பொருள் அவருக்கே பிடிபட்டுவிடும். அந்த ஐந்து நிமிடம் நம் மருத்துவமனைகளில் கிடைப்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

‘நார்மலானால் மாத்திரை வேண்டாம்’ என்ற நம்பிக்கையில் ஓர் உண்மையும் இருக்கிறது, அதை மறைத்துப் பயனில்லை. 2017இல் வெளியான பிரிட்டனின் ‘டைரக்ட்’ ஆய்வில் நோய் கண்டறிந்து ஆறு வருடத்துக்கு மேற்படாதவர்கள் கலந்துகொண்டார்கள். கடும் கட்டுப்பாடான, நாளுக்கு 850 கலோரி அளவிலான உணவை மூன்று முதல் ஐந்து மாதம் எடுத்தவர்களில் 46 சதவீதம் பேர் ஒரு வருட முடிவில் மாத்திரையே இல்லாமல் நீரிழிவு எல்லைக்குக் கீழே இருந்தார்கள். மாத்திரையை நிறுத்தவே முடியாது என்பது எல்லோருக்கும் பொருந்தாது. ஆனால் அவர்கள் எடை கணிசமாகக் குறைந்தது, மேற்பார்வை இருந்தது, அளவுகள் தொடர்ந்து பார்க்கப்பட்டன. தாகம் நின்றது என்று தானாக நிறுத்துவது இதில் சேராது.

அடுத்தது கிட்னி. தமிழ்நாட்டில் நீரிழிவு மாத்திரைக்கு எதிராக நிற்கும் மிக வலுவான நம்பிக்கை இதுதான் என்று நினைக்கிறேன். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கவும் முடியாது, ஏனென்றால் இது கண்ணால் கண்டதிலிருந்து பிறந்தது. பெரியப்பா பதினைந்து வருடம் சுகர் மாத்திரை சாப்பிட்டார், அப்புறம் டயாலிசிஸுக்குப் போனார். பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் அதேதான். பார்த்தவர்கள் மாத்திரையையும் கிட்னியையும் முடிச்சுப் போட்டார்கள். நடுவில் நின்ற மூன்றாவது ஆளை, அதாவது அந்தப் பதினைந்து வருடமும் ஏறியே கிடந்த சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும், யாரும் பார்க்கவில்லை. அதைப் பார்க்க முடியாது. மாத்திரையைப் பார்க்கலாம், தினமும் கையில் எடுக்கலாம். பழி கண்ணுக்குத் தெரிவதன் மேல் விழுவது மனித இயல்பு.

இன்னொன்றும் நடக்கிறது. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் மிகவும் குறைந்ததும், பொதுவாக 30க்குக் கீழே போனதும், மருத்துவர் சுகர் மாத்திரையான மெட்ஃபார்மினை நிறுத்தச் சொல்கிறார். குடும்பத்தின் காதில் இது குற்ற ஒப்புதலாக விழுகிறது: “பாத்தியா, டாக்டரே நிறுத்திட்டார், அதுதான் கெடுத்திருக்கு.” உண்மை வேறு. மெட்ஃபார்மின் உடலுக்குள் சிதைவதில்லை, வந்தபடியே சிறுநீரில் வெளியேறுகிறது. வெளியேற்றும் உறுப்பு பழுதானால் மருந்து ரத்தத்தில் தேங்கும். தேங்கினால் லாக்டிக் அமிலம் கூடும் அபாயம் உண்டு. அதனால் நிறுத்துகிறார்கள். பழுதாகிவிட்ட சிறுநீரகத்துக்குத்தான் இந்த மருந்து ஒத்துவராது. சிறுநீரகத்தைப் பழுதாக்குவது இதன் வேலையல்ல. இந்த அச்சத்துக்கு வரலாறும் இருக்கிறது. மெட்ஃபார்மினின் உறவான ஃபென்ஃபார்மின் லாக்டிக் அமிலப் பிரச்சினையால் 1970களின் இறுதியில் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. அந்த நிழல் விழுந்ததில், பிரான்ஸில் 1957இலேயே ழான் ஸ்டெர்ன் நோயாளிகளுக்குத் தந்து பார்த்த மெட்ஃபார்மினுக்கு அமெரிக்கா 1994இல்தான் அனுமதி கொடுத்தது. ஆக, மருத்துவ உலகமே ஒரு காலத்தில் பயந்தது. ஆதாரம் சேர்ந்ததும் பயத்தை விட்டது.

பிரிட்டனில் 1977இல் தொடங்கி 1998இல் முடிவுகள் வெளியான பெரிய ஆய்வில் புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்ட 5,102 பேர் சேர்க்கப்பட்டார்கள். தீவிரமாக மருந்து தரப்பட்டவர்களின் எச்பிஏ1சி 7.0, மற்றவர்களுக்கு 7.9. ஒரு புள்ளிக்கும் குறைந்த இந்த வித்தியாசம் கண், சிறுநீரகம் போன்ற நுண்குழாய்ச் சேதங்களை 25 சதவீதம் குறைத்தது. 2019, 2020இல் வந்த ஆய்வுகளோ கனாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் என்ற புதிய வகை மாத்திரைகள் சிறுநீரகம் நலிவதை நேரடியாகவே தாமதப்படுத்துவதைக் காட்டின. நீரிழிவு மாத்திரையில் கிட்னியைக் காப்பாற்றும் மாத்திரையும் இருக்கிறது என்பது நம் தெருக்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை. வேதனை என்னவென்றால், சுகர் மாத்திரைக்கு இப்படிப் பயப்படுகிற அதே வீட்டில் மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கித் தினமும் போடுகிறார்கள். சிறுநீரகத்தை உண்மையிலேயே பாதிக்கக்கூடியது அது. வலியை உடனே தீர்ப்பதால் அதன்மேல் சந்தேகம் வருவதில்லை. உடனே எதையும் உணர்த்தாத மருந்துக்குத்தான் எப்போதும் சந்தேகத்தின் சுமை.

பக்கவிளைவு பற்றிய பயத்திலும் இப்படி உண்மையும் எதிர்பார்ப்பும் கலந்திருக்கிறது. மெட்ஃபார்மின் ஆரம்பத்தில் வயிற்றைக் கலக்கும். அது கற்பனையல்ல. குறைந்த அளவில் தொடங்கினால், சாப்பாட்டோடு எடுத்தால், மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றினால் பெரும்பாலோருக்கு அடங்கிவிடும். பல வருடம் எடுப்பவர்களுக்கு பி12 வைட்டமின் குறையலாம், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் பயமே உபாதையை உண்டாக்குவதும் உண்டு. நீரிழிவு நோயாளிகள் பலருக்கும் எழுதித் தரப்படும் கொழுப்பு மாத்திரையான ஸ்டாட்டினை வைத்து லண்டனில் ஓர் ஆய்வு நடத்தினார்கள், முடிவு 2020இல் வந்தது. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினை விட்ட 60 பேர். ஒரு வருடத்தில் சில மாதங்கள் உண்மையான மாத்திரை, சில மாதங்கள் மருந்தில்லாப் போலி மாத்திரை, சில மாதங்கள் எதுவுமில்லை. எந்த மாதத்தில் எந்த மாத்திரை என்பது அவர்களுக்குத் தெரியாது. உண்மை மாத்திரை தந்த உபாதையில் 90 சதவீதம் போலி மாத்திரையிலும் வந்தது. வலி பொய்யல்ல, அவர்கள் அதை நிஜமாகவே அனுபவித்தார்கள். அவரவர் உபாதைப் பதிவேட்டை அவரவரிடமே காட்டியபோது பாதிப் பேர் மறுபடியும் மருந்தைத் தொடங்கிவிட்டார்கள். யாரும் அவர்களைத் திட்டவில்லை. தங்கள் உடம்பின் கணக்கைத் தாங்களே பார்க்க ஒரு வாய்ப்புக் கிடைத்தது, அவ்வளவுதான்.

ஊசிக்கு வருவோம். “இன்சுலின் போட்டாச்சுன்னா கடைசி கட்டம்” என்ற பேச்சை எல்லா ஊரிலும் கேட்கலாம். இதிலும் கண்ணால் கண்ட சாட்சி இருக்கிறது. அத்தைக்கு ஊசி ஆரம்பித்தார்கள், ஆறு மாதத்தில் காலில் புண், ஒரு வருடத்தில் விரலை எடுத்தார்கள். ஊசி ஐந்து வருடம் முன்பே தேவைப்பட்டது என்பதும், பயந்து தள்ளிப்போட்ட அந்த ஐந்து வருடத்தில்தான் கால் நரம்பு மரத்தது என்பதும் கதையில் சொல்லப்படுவதில்லை. மேலே சொன்ன, 1977இல் தொடங்கிய பிரிட்டன் ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. நோய் கண்டறியப்படும் நாளிலேயே இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களின் திறன் ஏறத்தாழப் பாதியாகிவிட்டிருக்கிறது. அதன் பின்னும் வருடா வருடம் சரிகிறது. மாத்திரை கூடுவதும் ஒருநாள் ஊசி தேவைப்படுவதும் பெரும்பாலும் இந்தச் சரிவின் விளைவு. நோயாளியின் நடத்தைக்குக் கிடைத்த தண்டனை அல்ல.

ஆனால் தண்டனை என்ற எண்ணத்தை விதைத்தது யார்? “அடுத்த தடவையும் இப்படி வந்தா ஊசிதான்” என்று எத்தனை மருத்துவர்கள் சொல்லியிருப்பார்கள்! நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். பல வருடம் மிரட்டலாகக் கேட்டுப் பழகிய ஒன்றை ஒருநாள் மருந்தாக நீட்டினால் எந்த மனிதர் நிம்மதியாகக் கை நீட்டுவார்? நம்பிக்கை நோயாளியின் வீட்டில் மட்டும் பிறப்பதில்லை, மருத்துவர் மேசையிலும் பிறக்கிறது. இதை மருத்துவர்கள் மனம்விட்டு யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மூலிகைகள் விஷயத்தில் பொறுமை வேண்டும். வெந்தயம், ஆவாரம்பூ, நாவல் கொட்டைப் பொடி, சிறுகுறிஞ்சான், பாகற்காய் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று உண்டு. சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் கொஞ்ச நேரம் நாவில் இனிப்பே தெரியாது. சர்க்கரையை நாக்கிலேயே அழிக்கும் இலை ரத்தத்திலும் அழிக்கும் என்று நினைப்பது எவ்வளவு இயல்பானது! மெட்ஃபார்மினின் வம்சமும் ஒரு செடியில்தான் தொடங்குகிறது. ஐரோப்பாவின் காலேகா என்ற அந்தச் செடி நம் வெந்தயம் சேர்ந்த அதே அவரைக் குடும்பம். அந்தச் செடியை அப்படியே தின்ற ஆடுமாடுகளுக்கு அது நஞ்சாகவும் ஆகியிருக்கிறது. வேதியியலில் பதப்படுத்தி, அளந்து, சோதித்த பிறகே அந்த வழியில் மருந்து கிடைத்தது. பாகற்காயைப் பொறுத்தவரை, 2012 வரை நடந்த பரிசோதனைகளைத் திரட்டி ஆராய்ந்த காக்ரேன் மதிப்பாய்வு, அதை நீரிழிவு மருந்தாகப் பரிந்துரைக்கும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்றது. பொரியலாகச் சாப்பிடுங்கள், நல்லதுதான். அதற்குப் பதிலாக மாத்திரையை விடுவதில்தான் ஆபத்து. கூடவே சேர்த்துக்கொள்வதென்றாலும் மருத்துவருக்குத் தெரிய வேண்டும், ஏனெனில் அளவு சில சமயம் மிகவும் இறங்கிவிடும்.

சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் உள்ள உறவில் நம் மக்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அமாவாசை விரதம், நோன்பு என்றால் மாத்திரை வேண்டாம். கல்யாண விருந்தென்றால் ஒன்று கூட. இது வெறும் பழக்கமல்ல. க்ளிமெபிரைடு, க்ளிபென்கிளமைடு வகை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்து, வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி மயங்கி விழுந்தவர் அதை ஆயுளுக்கும் மறக்க மாட்டார். அவர் பயம் நியாயமானது. அவருக்குத் தேவை அறிவுரை அல்ல, எந்த மாத்திரை அப்படிச் செய்யும், எது செய்யாது என்ற விவரம். மெட்ஃபார்மின் தனியாக அந்த அளவுக்கு இறக்குவது மிக அரிது. இரண்டையும் ‘சுகர் மாத்திரை’ என்று ஒரே பெயரால் அழைப்பதால் ஒன்றின் பயம் மற்றொன்றின் மேலும் படிகிறது. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் வாழும் பாகிஸ்தானிய, இந்திய வம்சாவளியினர் 32 பேரிடம் பேசி 2005இல் வெளியான ஆய்விலும் இதே குரல்கள் கேட்டன. பிரிட்டிஷ் மருத்துவத்தின்மேல் மிகுந்த நம்பிக்கை, ஆனால் ரொம்ப நாள், ரொம்ப மாத்திரை, அதுவும் தங்கள் வழக்கமான சாப்பாடு இல்லாமல் எடுத்தால் கெடுதல் என்ற பயம். சிலர் மருத்துவரிடம் சொல்லாமலே அளவைக் குறைத்திருந்தார்கள்.

மருத்துவரிடம் சொல்லாமல் என்ற அந்த மௌனம்தான் என்னை மிகவும் அச்சுறுத்துவது. வாரத்தில் மூன்று நாள் மட்டும் மாத்திரை போடும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். எச்பிஏ1சி 9.5 வருகிறது. “ஒழுங்கா சாப்பிடறீங்களா ஐயா?” என்று மருத்துவர் கேட்கிறார். “சாப்பிடறேன் டாக்டர்” என்பதைத் தவிர அந்தக் கேள்விக்கு வேறு பதில் சொல்ல முடியுமா? மருந்து போதவில்லை என்று அளவு கூட்டப்படுகிறது, இன்னொரு மாத்திரை சேர்கிறது. அவர் அப்போதும் மூன்று நாள்தான். பிறகு ஒருநாள் வேறு நோய்க்காக மருத்துவமனையில் சேர்கிறார். சீட்டில் உள்ளபடி செவிலியர் தினமும் எல்லா மாத்திரையையும் கையில் தந்து விழுங்கவைக்கிறார். சர்க்கரை தடாலென விழுகிறது. ஒரு சின்னப் பொய்யும், அந்தப் பொய்யைத் தவிர்க்க முடியாதபடி கேட்கப்பட்ட ஒரு கேள்வியும் சேர்ந்து ஓர் உயிரை விளிம்புக்குக் கொண்டுபோகும்.

கேள்வியை மாற்றிக் கேட்டால் பதிலும் மாறுகிறது. இதற்குச் சான்று இருக்கிறது. இங்கிலாந்தில் புதிதாக ஒரு மருந்தைத் தொடங்கியவர்களுக்கு மருந்தாளுநர் இரண்டு வாரம் கழித்துப் போன் செய்து, எப்படிப் போகிறது, என்ன தொந்தரவு, என்ன சந்தேகம் என்று விசாரித்தார். 2006இல் வெளியான அந்த ஆய்வில் நான்கு வாரத்தில் மருந்தைத் தவறவிட்டவர்கள், போன் வந்தவர்களில் 9 சதவீதம், வராதவர்களில் 16 சதவீதம். 2011 அக்டோபரில் அந்நாட்டின் அரசு மருத்துவ சேவை இதையே திட்டமாக்கியது. இரண்டாம் வகை நீரிழிவும் அதில் உண்டு. பின்னர் 504 பேரிடம் சோதித்தபோது பத்தாவது வாரத்தில் மருந்தை ஒழுங்காக எடுத்தவர்கள், இந்தச் சேவை கிடைத்தவர்களில் 70.7 சதவீதம், கிடைக்காதவர்களில் 60.5 சதவீதம். புது மருந்தில்லை, பெரிய செலவில்லை. நம்மிடமோ மாத்திரையைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் அதே ஊர்க்காரர்களாக, அதே பேச்சைப் பேசுபவர்களாக வீட்டுத் திண்ணைவரை போகிறார்கள். “நிறையப் பேருக்கு நடுநடுவுல விட்டுப்போகுதும்மா, போன வாரம் உங்களுக்கு எத்தனை நாள் விட்டுப்போச்சு? இந்த மாத்திரை மேல ஏதாவது பயம் இருக்கா?” என்று கேட்க அவர்களுக்குப் பயிற்சியும் நேரமும் கொடுத்தால் போதும். கேட்டதை மருத்துவரிடம் கொண்டுசேர்க்க ஒரு வழியும் வேண்டும்.

நோயாளியின் பக்கத்திலிருந்தும் இதைத் தொடங்கலாம். “டாக்டர், உண்மையைச் சொல்றேன், நான் வாரத்துக்கு மூணு நாள்தான் போடறேன், கிட்னிக்குப் பயமா இருக்கு” என்று ஒருவர் வாய்திறந்தால் மருத்துவரால் செய்யக்கூடியவை பல. வயிற்றுத் தொந்தரவென்றால் மெதுவாகக் கரையும் மாத்திரை, மூன்று வேளை சிரமமென்றால் ஒரு வேளை மாத்திரை, மயக்கத்துக்குப் பயமென்றால் அப்படிச் செய்யாத வகை. கிட்னி பயத்துக்கு வாதம் தேவையில்லை, வருடத்துக்கு ஒருமுறை சிறுநீரில் ஆல்புமினும் ரத்தத்தில் கிரியாட்டினினும் பார்த்தால் போதும். போன வருடச் சீட்டையும் இந்த வருடச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு எண்களையும் நோயாளியே வாசிக்கட்டும். எண் அசையாவிட்டால் மாத்திரையைத் தொடரலாம். அசைந்திருந்தால் எந்த மருந்தை மாற்றுவது, எதைக் கூட்டுவது, எந்த வலி மாத்திரையை நிறுத்துவது என்று இருவரும் சேர்ந்தே பேசலாம்.